ஐந்து டப்பாக்கள், ஒரே மஞ்சள்

அந்த அக்கா வீட்டுக்குப் போன எந்தப் பாத்திரமும் வெறுமனே திரும்பி வந்ததில்லை. பக்கத்து வீட்டார் பொங்கல் கொடுத்தனுப்பிய கிண்ணத்தில் பதிலுக்கு ஏதாவது போட்டுத் தருவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். இவர் அதோடு நிற்கமாட்டார். தபால்காரர் தன் பாட்டிலில் தண்ணீர் பிடித்துத் தரச் சொன்னால் மோர் வரும். அவர் வேலை பார்த்த ஃபவுண்டரியின் சூப்பர்வைசர் ஒருமுறை எண்ணெய் வாளியைக் கழுவித் தரும்படி இவரிடம் கொடுத்திருக்கிறார். மறுநாள் அது நாலு முருங்கைக்காயோடு அவர் மேசைக்குப் போனது. அந்த மனிதர் அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் மத்தியானம் வரை மேசை மேலேயே வைத்திருந்தாராம்.

என் சாப்பாட்டு டப்பாவை முதல் நாள் அவர் வீட்டில் மறந்து விட்டுவந்தேன். அடுத்த வாரம் அது கொள்ளுப்பொடியோடு வந்தது. அதற்கடுத்த வாரம் வேண்டுமென்றே மறந்தேன். எண்ணெயில் சுட்ட கச்சாயம் வந்தது. மூன்றாம் தடவை மறந்தபோது அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் எலுமிச்சை ஊறுகாய் வைத்துக் கொடுத்தார்.

"இதெல்லாம் எதுக்குங்க்கா?" என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"வெறும் போசியக் கையில குடுத்தா வாங்கறவங்க மனசு என்னாகுமுங்க அம்மணி? இருக்கறத வெச்சுக் குடுக்கறோம்" என்றார்.

போசி என்றால் எங்கள் பக்கத்தில் பாத்திரம். நானும் அன்னூர்க்காரிதான். எங்கள் வீட்டிலும் இந்த வழக்கம் உண்டு, ஆனால் இந்த அளவுக்குக் கிடையாது.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் வேலை பார்த்த ஆராய்ச்சியில் கலந்துகொண்டவர்கள் பெயர் வெளியே வரக்கூடாது, எண் மட்டும்தான் என்பது விதி. அந்த ஆராய்ச்சியின் விதிகளில் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தது அது ஒன்றுதான். அவர் இறந்தும் இரண்டு வருடம் ஆகப்போகிறது.

பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு உள்ளே போனால் பம்பு செட்டுக்கு வார்ப்பு ஊற்றும் ஃபவுண்டரிகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்றின் பின்மதிலை ஒட்டி ஐந்தாறு லைன் வீடுகள். அந்த வீடுகளில் குடியிருந்த ஐந்து பெண்கள் உள்ளே கோர் அடுப்பில் வேலை பார்த்தார்கள். பம்புக்குள் தண்ணீர் ஓடக் காலியிடம் வேண்டுமே, அந்தக் காலியிடத்தின் உருவத்தில் மணலை எண்ணெய் விட்டுப் பிசைந்து, அச்சில் அடித்து, அடுப்பில் சுட்டு எடுப்பார்கள். அதற்குப் பெயர் கோர். அடுப்பைத் திறக்கிறபோதெல்லாம் கருகிய எண்ணெய்ப் புகை முகத்தில் அடிக்கும். ஐந்து பேரில் மூத்தவர் இந்த அக்கா. கணவர் இல்லை. ஒரே மகள், சத்தியமங்கலத்தில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

என் வேலை அவர்களிடம் சிறுநீர் வாங்குவது. கேட்கவே சிரிப்பாக இருக்கும். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் அதைக் கேட்டுவிட்டு, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனதும் உண்டு. ஆனால் விஷயம் எளியது. அறைக்குள் மெஷின் வைத்தால் அந்த அறையின் காற்று எப்படி என்று மட்டும்தான் தெரியும். அங்கே நிற்கிற ஒரு மனுஷி எவ்வளவு புகையை உள்ளே வாங்கியிருக்கிறாள் என்பது அவளுடைய சிறுநீரில்தான் தெரியும். நாங்கள் தேடியது புகை உடம்புக்குள் போய் உருமாறி வெளியே வரும் ஒரு பொருளை. அந்தப் புகை வருடக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்றுநோய் வரலாம். வாரத்தின் கடைசி வேலைநாளுக்கு மறுநாள் விடிந்ததும் போகும் முதல் சிறுநீர் வேண்டும். டப்பாவில் பிடித்து, வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து, சூடேறுவதற்குள் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். அளவு மிக அதிகமாக இருப்பவர்களுக்கு நாங்கள் ஒரு கடிதம் கொடுப்போம். அவர்களை அடுப்புப் பக்கத்திலிருந்து மாற்றிவிடுவதாக ஃபவுண்டரி நிர்வாகமும் ஒப்புக்கொண்டிருந்தது. அந்தக் கடிதம் ஒன்றுதான் இந்த வேலையில் அந்தப் பெண்களுக்குக் கிடைக்கிற பிரயோசனம்.

இதை நான் அக்கா வீட்டில் வைத்து ஐந்து பேருக்கும் விளக்கினேன். மற்ற நாலு பேரும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் பரீட்சைக்குப் படிக்கிறவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, மூக்குல போற புகை ஒண்ணுக்குல எப்புடிங்க வரும்?"

நுரையீரல், ரத்தம், ஈரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"அப்ப ஒடம்பும் வெறுமனே வெச்சுக்கறதில்ல. வாங்குனதத் திருப்பிக் குடுத்துப்போடுது" என்றார். ரொம்பத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு, "அஞ்சு பேரும் ஒரே அடுப்புகிட்டத்தானுங்க நிக்கறோம். ஒரு ஆளுகிட்ட எடுத்தாப் பத்தாதுங்களா?" என்று கேட்டார்.

பத்தாது என்று சொன்னேன். ஏன் பத்தாது என்று சொல்லவில்லை. நேரமாகிவிட்டது, ஸ்கூட்டரை வெயிலில் நிறுத்தியிருந்தேன். பல தடவை அந்த இடத்துக்குத் திரும்பிப்போய், ஒவ்வொரு உடம்பும் புகையை ஒவ்வொரு மாதிரி வாங்கும் அக்கா, ஒருத்தர் சமையலுக்கு விறகு, ஒருத்தர் கேஸ், ஒருத்தர் வீட்டுக்காரர் பீடி என்று மனதுக்குள்ளேயே விளக்கிப் பார்த்திருக்கிறேன். இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

கேள்வித்தாள் நிரப்பும்போது மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். மற்றவர்கள் இல்லை என்றார்கள். அக்கா உள்ளே போய் ஒரு அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். கால் எரிச்சலுக்கு அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த பி காம்ப்ளெக்ஸ். ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் ஒன்று, ஒருநாள் தவறாது. "கெடச்ச மாத்திரைய முழுங்காம வெச்சிருந்தா குடுத்தவங்களுக்கு மரியாதை இல்லீங்களே" என்றார். மாத்திரைக்குக்கூட மரியாதை பார்க்கிறவர்.

டப்பாக்களைக் கொடுத்துவிட்டு வந்து, சொன்ன நாளில் காலை ஆறு மணிக்கு ஐஸ் பெட்டியோடு போனேன். நாலு வீடுகளின் கதவும் சாத்தியிருந்தது. அக்கா வீட்டு வாசலில், எவர்சில்வர் தட்டில் ஐந்து டப்பாக்களும் வரிசையாக இருந்தன. மேலே துவைத்த துண்டு ஒன்று போர்த்தியிருந்தது.

"எல்லாரும் குடுத்துப்போட்டாங்க. நீங்க அஞ்சு ஊட்டுக்கும் அலையோணுமான்னு நாந்தானுங்க வாங்கி வெச்சேன். சித்த உக்காருங்க, காப்பி குடிச்சுப்போட்டுப் போலாம்."

அலுமினியத் தாளைச் சுற்ற ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தேன். ஐந்தும் ஒரே மஞ்சள். சாதாரண மஞ்சள் இல்லை. பி காம்ப்ளெக்ஸ் சாப்பிடுகிறவர்களுக்கு வரும் பளீரென்ற மஞ்சள், புதுச் சாமந்திப் பூ நிறம். ஐந்திலும் ஒரே அளவு, பாதிக்குச் சற்று மேலே. பந்திக்குப் பரிமாறுகிறவர் கை அது.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் அந்த வாரம் நான் கொடுக்கவேண்டிய எண்ணிக்கையில் சரியாக ஐந்து குறைந்திருந்தது. காப்பி வேறு கையில் கொடுத்துவிட்டார். நல்ல காப்பி. டப்பாக்களுக்குத் தாளைச் சுற்றினேன், எண் எழுதினேன், பெட்டியை மூடினேன்.

லேபில் அவை ஒரே தொகுப்பில் மெஷினுக்குப் போய்விட்டன. சிறுநீரின் அடர்த்தியைப் பார்க்கும் அளவு ஒன்று உண்டு. அது ஆளுக்கு ஆள் மாறும். இந்த ஐந்திலும் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண் வரை ஒன்றாக வந்தது. புகையின் அளவும் ஐந்திலும் ஒன்று. அதுவும் எப்படி, அதுவரை நாங்கள் பார்த்த பெண்கள் யாருக்கும் வராத அளவு. ஆராய்ச்சியை நடத்திய மேடம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் கோபக்காரர் இல்லை. கோபக்காரராக இருந்திருந்தால் நான் பயத்தில் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

"இது அஞ்சு பேரோடதா?"

"ஒருத்தரோடதா இருக்கலாம் மேடம்."

"யாரோடது?"

"அந்த மூத்த அக்காவோடதுன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறதை எழுத முடியாது. அஞ்சையும் தள்ளிடுங்க. அஞ்சு பேர்கிட்டயும் மறுபடி வாங்குங்க."

அவர் சொன்னது சரிதான். இப்போது யோசித்தாலும் சரிதான். ஐந்து வரிகளின் மேலும் சிவப்புக் கோடு போட்டேன். ஒரு உடம்பு ஐந்து தடவை சொன்ன பதில் அது.

அடுத்த வாரம் லைன் வீட்டுக்குப் போகும் வழியில், பஸ் ஸ்டாப்பில் நாலு பேரில் இளையவளைப் பார்த்தேன். வாயாடிப் பெண். நான் கேட்காமலே சொன்னாள்.

"அன்னைக்கு நான் ஊர்லயே இல்லீங்க்கா. அன்னூர்ல சொந்தக்காரங்க கல்யாணம். ஒருத்திக்கு வீட்டுக்குத் தூரம், சொல்ல வெக்கம். இன்னொருத்தி, இதுல மாசமா இருக்கறது தெரிஞ்சுபோயிருமோன்னு பயந்துட்டா. அந்த மூணாவது ஊட்டுக்காரி மறந்து தூங்கிப்போட்டா. நாலு டப்பாவும் காலியா இருக்குதேன்னு அக்காவுக்கு ஒரே வெசனமுங்க. அந்த அம்மணி வெடியாலயே பொட்டியத் தூக்கிட்டு வருது, வெறும் டப்பாவ எப்புடிக் குடுத்தனுப்பறதுன்னு…"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்புத்தான் வந்தது.

அக்காவிடம் நேராகக் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் ஐந்து டப்பாவையும் நிரப்பிவிட்டீர்கள், அது தப்பு, உங்களுக்கு அளவு மிக அதிகமாக வந்திருக்கிறது, மறுபடி உங்களுடையதையே கொடுங்கள், கடிதம் வாங்கித் தருகிறேன் என்று நாலு வார்த்தை. எங்கள் ஊர்ப்பக்கம் வளர்ந்தவர்களுக்கு அது வராது. வயதில் மூத்த ஒரு பெண்ணைப் பார்த்து நீங்கள் பொய் சொல்லிவிட்டீர்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் எழாது. எதையும் பழத்தில் ஊசி ஏற்றுவது போலத்தான் சொல்லுவோம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

"அக்கா, போன தடவை குடுத்தது கொஞ்சம் சரியில்லீங்க. நல்லதா ஒண்ணு வேணுமுங்க."

அவர் முகம் வாடிப்போனது. விருந்துக்கு வந்தவர் குழம்பு கெட்டுவிட்டது என்று சொன்னதைப் போல ஆகிவிட்டது.

"அய்யோ, கெட்டுப்போச்சுங்களா? உங்களுக்குக் கெட்ட பேராயிருக்குமே அம்மணி. எம்பட தப்புத்தானுங்க."

"அதெல்லாம் இல்லீங்க்கா."

"நீங்க வெசனப்படாதீங்க. இந்த வாட்டி நல்லதா குடுத்துப்போடறேன்."

நான் டப்பாவைக் கொடுத்தேன். இரண்டு பேரும் மரியாதையாகப் பேசி முடித்துவிட்டோம். ஒருத்தர் மனதை ஒருத்தர் நோகடிக்கவில்லை.

மறுபடி காலை ஆறு மணி. இந்தத் தடவை நாலு பெண்களும் அவரவர் வாசலில் அவரவர் டப்பாவோடு நின்றார்கள். நாலும் நாலு நிறம். அக்கா தன்னுடையதை வாழையிலையில் பொதிந்து, நூல் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்தேன். தண்ணீர் போல வெளிறிய நிறம்.

"மாத்திரை நிறுத்திட்டீங்களாக்கா?"

"அதெப்படிங்க, நேத்தும் முழுங்கினேன்."

அவருக்குப் பின்னால், வாசல்படிக்குள் மகள் நின்றுகொண்டிருந்தாள். லீவுக்கு முந்தாநாள்தான் சத்தியமங்கலத்திலிருந்து வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பார்வையைக் கீழே போட்டுக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு அப்போது பத்தொன்பது இருக்கும். கூச்சத்தில் காது சிவந்திருந்தது.

கெட்டதை விருந்தாளிக்குக் கொடுக்கமாட்டார் அக்கா. வீட்டில் இருப்பதிலேயே நல்லது எதுவோ அதைக் கொடுத்தார். நல்லதாக ஒன்று வேண்டும் என்று கேட்டவள் நான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் மேடம் கேட்பார்: முதல் தடவை ஐந்தையும் பார்த்து எப்படி வாங்கினாய், இரண்டாம் தடவையும் எப்படி வாங்கினாய். என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பு மேடம் கையில். இதையெல்லாம் அந்த வாசலில் நின்று யோசித்தேனா என்றால், இல்லை. ஐஸ் பெட்டிக்குள் ரொம்ப நேரம் கையை வைத்திருந்தால் விரல் இருக்கிற இடமே தெரியாமல் போகும். அதுபோல மரத்துப்போயிருந்தேன். டப்பாவுக்குத் தாளைச் சுற்றி உள்ளே வைத்தேன். அக்கா என் கையில் ஒரு கட்டு கருவேப்பிலை கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

மற்ற நாலு பேருக்கும் அளவு அதிகமாக வந்தது. நாலு கடிதங்கள் போயின. நிர்வாகம் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியது. நாலு பேரையும் பேக்கிங் பக்கம் மாற்றினார்கள். அளவு இயல்பாக இருப்பவர்களுக்கும் ஒரு கடிதம் உண்டு. அக்காவுக்கு வந்த அந்தக் கடிதத்தை நான்தான் கொண்டுபோனேன். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், ஆனாலும் நான் படித்துக் காட்ட வேண்டும் என்றார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டார்.

"தங்கள் உடலில் புகையின் அளவு இயல்பாக உள்ளது. தற்போதைய பணியைத் தொடர்வதில் தடையில்லை."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க்கா."

"எல்லா டப்பாவையும் பார்த்துப்போட்டுத்தான எழுதியிருக்கறாங்க?"

நான் ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தேன். சந்தேகத்தில் கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பது போலக் கேட்டார்.

"ஆமாங்க்கா. எல்லாம் பார்த்தாச்சு" என்றேன்.

அது பொய்யும் இல்லை. எல்லாவற்றையும் பார்க்கத்தான் பார்த்தோம்.

கடிதத்தைக் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொண்டுவந்து காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தார். சூப்பர்வைசர், "உங்களுக்கென்னங்க, சர்டிபிகேட்டே இருக்குது" என்று சொல்லி அவரையே அடுப்புக்குப் பொறுப்பாக்கினாராம். வடக்கேயிருந்து வந்த பெண்களைப் புதிதாகச் சேர்த்தார்கள். அக்கா அவர்களுக்குக் கோர் அடிக்கச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் பேச்சு இவருக்கும் இவர் பேச்சு அவர்களுக்கும் புரியாது. ஆனால் ஒரு மாதத்தில் அவர்கள் தட்டுகளில் அரிசிம்பருப்புச் சாதம் போய்க்கொண்டிருந்தது. அடுப்புக் கதவைத் திறக்கிற வேலையை அந்தப் பெண்களிடம் கொடுக்கமாட்டார், சின்னப் பிள்ளைகள் என்று தானே திறப்பார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எனக்கு ஒப்பந்தம் நீட்டித்தார்கள். ஒரு வருடம். அதற்கப்புறம் ஆராய்ச்சி முடிந்து, எல்லோரும் வேறு வேறு வேலைக்குப் போனோம். மேடம் எழுதிய கட்டுரையின் வரைபடத்தில் அக்கா ஒரு புள்ளியாக இருக்கிறார். மற்றப் புள்ளிகள் மேலே கூட்டமாக இருக்க, ஒன்று மட்டும் கீழே தனியாகக் கிடக்கும். அதைப் பற்றி ஒரு வரியும் உண்டு. ஒரே சூழலில் இருந்தாலும் சிலர் உடம்பு புகையைக் குறைவாக ஏற்கிறது என்று.

நான் மேட்டுப்பாளையம் ரோட்டிலேயே ஒரு தனியார் லேபில் சேர்ந்தேன். ரத்தம், சர்க்கரை, சிறுநீர். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து டப்பா நீட்டுவது, வாங்குவது, எண் ஒட்டுவது. லைன் வீடுகள் அங்கிருந்து பத்து நிமிஷத் தூரம்தான். நாலு வருடத்தில் ஒருமுறைகூடப் போகவில்லை. என் சாப்பாட்டு டப்பாவைத் திரும்பவும் எங்கேயும் மறக்கவில்லை.

ஒருநாள் காலை, ஒன்பது மணிக்கு மேல் இருக்கும், கவுண்டரில் ஒரு பெண், டாக்டர் எழுதிய சீட்டை நீட்டினாள். சீட்டில் பெயர் படித்தேன். நிமிர்ந்து பார்த்தேன். மகள். கழுத்தில் தாலி. நான் முகக்கவசம் போட்டிருந்தேன், அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"யாருக்குங்க?"

"எங்கம்மாவுக்குங்க. ஆட்டோவுல உக்காந்திருக்கறாங்க." பிறகு, யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும் என்கிற மாதிரி கவுண்டரில் சாய்ந்துகொண்டு சொன்னாள். "ஒண்ணுக்குல ரத்தம் போகுதுங்க. ஆறு மாசமா. நான் போன வாரம் ஊருக்கு வந்தப்பத்தான் தெரியும். ஏம்மா ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னா, காலண்டருக்குப் பொறவால இருந்து ஒரு கடுதாசிய எடுத்து நீட்டறாங்க. 'எம்படத அஞ்சு டப்பா வாங்கிட்டுப் போய்ப் பார்த்திருக்கறாங்க. கெட்டது இருந்தா அந்த அம்மணி சொல்லாம உட்டுருக்குமா'ன்னு கேக்கறாங்க. ரத்தம் சூட்டுல வருதுன்னு எளநி குடிச்சுட்டு இருந்திருக்கறாங்க."

நான் டப்பாவை எடுத்து எண் எழுதினேன். எண் கோணவில்லை. கோணியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பல நாள் நினைத்தேன்.

"டாய்லெட் உள்ளே இடது பக்கம்" என்றேன்.

மகள் அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். பாதியாகிவிட்டிருந்தார். தோளில் ரவிக்கை தொளதொளத்தது. என்னைத் தாண்டிப் போகும்போது பார்க்கவில்லை. உள்ளே வெகுநேரம் ஆனது. மகள் இரண்டு தடவை கதவைத் தட்டினாள். நான் என் முகக்கவசத்தைக் கழற்றிக் கீழே வைத்தேன். ஏன் கழற்றினேன் என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்துக் கேட்கட்டும், திட்டட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

வெளியே வந்தார். டப்பாவைச் சேலைத் தலைப்பால் மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். மகளிடம் கொடுக்கவில்லை. கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றதும் என்னைப் பார்த்தார். அந்த மெலிந்த முகம் முழுவதும் சிரித்தது.

"அட, அம்மணி! நீங்களா? இங்கயா இருக்கறீங்க? நல்லா இருக்கறீங்களா?"

"நல்லா இருக்கறனுங்க்கா."

தலைப்பை விலக்கி டப்பாவைக் கண்ணாடிக்குக் கீழே நீட்டினார். அடியில் ஒரு விரல் அளவுதான் இருந்தது. பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் நிறம். நீட்டிய கையைச் சட்டென்று கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். கூச்சப்பட்டது போல இருந்தது. குனிந்து, மகளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"இந்த வாட்டி எம்படதேதானுங்க. கொஞ்சந்தான் வந்துச்சு. நல்லாவும் இல்லீங்க அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். டப்பா இன்னும் சூடாக இருந்தது. ரிப்போர்ட் நாளைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். எல்லோரிடமும் சொல்வது அதுதான்.